ஓடி ஏறலாம், அங்கே தூங்கலாமா?

மானேபஞ்சாங் என்பது மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிக் கிடக்கும் சின்னக் கடைத்தெரு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். அங்கிருந்து சிங்கலிலா முகட்டின் மேல் ஏறும் மலைச்சாலை, 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதும் 3,636 மீட்டரில் சந்தக்பூவை எட்டுகிறது. மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம் அது. வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு நான்கும் தெரியும். உலகின் முதல் ஐந்து சிகரங்களில் கே2 மட்டும் பாக்கி. முகட்டின் மேல் சில மலைக்குடில்களும் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. 1991-இல் தொடங்கிய இமாலயன் 100 மைல் ஓட்டப் போட்டி, ஐந்து நாள் ஓட்டத்தின் முதல் இரண்டு இரவுகளை இந்தக் குடில்களில்தான் கழிக்க வைக்கிறது. மூன்றாம் நாள் இங்கிருந்தே ஒரு மாரத்தான் தூரம் ஓடி ரிம்பிக் கிராமத்துக்கு இறங்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்குடிலுக்கு ஓடிப்போய் இரவு தங்கித் திரும்புவது வார இறுதிப் பொழுதுபோக்கு. நம் நாட்டில் அதற்கு நெருங்கிய வடிவம் எங்கே என்று தேடினால், விரல் முதலில் சந்தக்பூவின் மேல்தான் விழும். சாலை உண்டு, குடில் உண்டு, வழிகாட்டிகளின் சங்கம் உண்டு. பனியாற்றைக் கடக்க வேண்டியதில்லை, கயிறும் வேண்டியதில்லை. காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்து, கால் பழகிய ஓட்டக்காரர் ஒருவர் அதைக் கைக்கெட்டும் கனவாக நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கனவைத் திட்டமாக்கும்போது அவர் எதை முதலில் எண்ண வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

திருவிடைமருதூரில் விடியற்காலை ஓடுகிறவர் மகாலிங்கசுவாமி கோயிலின் தேரோடும் வீதிகளைச் சுற்றுவார்; இல்லையென்றால் காவிரிக் கரையைப் பிடிப்பார்; துணிச்சல்காரர் ஆடுதுறை வரை போய்த் திரும்புவார். எங்கே ஓடினாலும் தரை ஒன்றுதான், தட்டை. மேடு என்று சொல்ல வாய்க்கால் மதகும் ரயில்வே கேட்டும்தான். அங்கே 30 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவர், சந்தக்பூவின் 30 கிலோமீட்டரையும் அதே கணக்கில் பார்ப்பது இயல்பு. சாலைதானே, ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

இந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பதை 1892-லேயே ஒருவர் சூத்திரமாக்கி வைத்தார். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மீட்டரில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒன்று, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று. மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு உயர வித்தியாசம் 1,700 மீட்டருக்கு மேல். ஆனால் வழி நேராக ஏறுவதில்லை. 2,900 மீட்டரைத் தாண்டிய தும்லிங் வரை ஏறி, அங்கிருந்து கைரிபாஸுக்கு சுமார் 300 மீட்டர் இறங்கி, மறுபடி அதை ஏற வேண்டும். ஆக மொத்த ஏற்றம் 2,000 மீட்டரைத் தொடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 66 மீட்டர். அப்படி முப்பது விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறுவது இது. நெய்ஸ்மித் கணக்கில் நடப்பவருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல ஓட்டக்காரர் அதில் பாதியை மிச்சப்படுத்தலாம். சமவெளிக்காரர் ஆறேழு மணி நேரத்துக்குத் தயாராகப் போவதே புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னது காலைப் பற்றி. காலைப் பழக்கிவிடலாம். பழக்க முடியாமல் போவது தூக்கம்.

சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. உடல் இதற்கு ஈடு கொடுக்கும். ஆனால் நாள் கேட்கும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் இரத்தத்தின் கார அமிலச் சமநிலையைத் திருத்தும். இவை முடியுமுன்னே ஒருவர் உயரத்தில் படுத்தால், தூக்கத்தில் மூச்சு தானாகவே மந்தமாகி, ஆக்சிஜன் இன்னும் இறங்கும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று மலைநோய் இரவில் தலைகாட்டுவதற்கு இது முக்கியமான காரணம். அதனால்தான் மலை மருத்துவர்கள் பகலில் எட்டிய உயரத்தைவிட இரவில் படுக்கும் உயரத்தைக் கணக்கில் வைக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனதும், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே இடத்தில் இரு என்பது பொதுவான விதி.

இந்த அறிவின் ஒரு பெரும்பகுதி இந்தியாவில் விலை கொடுத்து வாங்கியது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இளைஞர்கள் விமானத்திலும் லாரியிலும் இமயத்தின் மேல் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற, திடகாத்திரமான சிப்பாய்கள்தான். சுட்டுக் காயப்படாமலேயே பலர் மூச்சு முட்டிச் சுருண்டார்கள். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடனிருந்தவர்களும் 1,925 சிப்பாய்களிடம் கண்டதைத் தொகுத்து 1969-இல் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுவதும் மலைநோய் மருத்துவத்துக்கு அடிப்படையான கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது. அதன் பாடம் ஓட்டக்காரருக்குக் கசக்கும். உடற்கட்டு மலைநோயைத் தடுப்பதில்லை. எவ்வளவு வேகமாக மேலே போனாய் என்பதுதான் கேள்வி.

வேகம் ஓட்டக்காரரின் சொத்து. இங்கே அதுவே அவருக்கு எதிரி. சந்தக்பூவுக்கு நடந்து போகிறவர் முதல் இரவு தும்லிங்கில், இரண்டாம் இரவு கைரிபாஸிலோ 3,186 மீட்டரில் இருக்கும் காளிபொக்ரியிலோ தங்கி, மூன்றாம் நாள் உச்சிக்குப் போகிறார். அவர் மருத்துவம் படிக்கவில்லை. கால் மெதுவாகப் போவதால் உடலுக்கு வேண்டிய அவகாசம் தானாகக் கிடைத்துவிடுகிறது. ஓடுகிறவர் அந்த மூன்று நாளை ஒரே பகலில் சுருட்டி, 3,636 மீட்டரில் களைத்து விழுந்து தூங்குகிறார். ஓட்டத்தின் இலக்கான குடில்தான் அந்தத் திட்டத்தின் மிக ஆபத்தான பகுதி. வழியில் மூச்சு வாங்கினால் நிற்கலாம். இரவு இரண்டு மணிக்குத் தலை பிளக்கும்போது, இருட்டில், குளிரில், இறங்குவதற்குக் கால் வராது.

ஆகவே திட்டத்தைக் குடிலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, அவசரக்காரருக்கு: ஓடி ஏறி, குடிலில் தேநீர் குடித்து, வண்டியில் அன்றே தும்லிங்குக்கோ கீழேயோ இறங்கிவிடுவது. இது பாதுகாப்பானது, ஆனால் விடியலில் கஞ்சன்ஜங்கா சிவப்பதைப் பார்க்க முடியாது. இரண்டாவது, நாள் வைத்திருப்பவருக்கு: சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் டார்ஜிலிங்கிலோ மானேபஞ்சாங்கிலோ இரண்டு இரவு, பிறகு நடந்தே தும்லிங், காளிபொக்ரி, சந்தக்பூ என மூன்று இரவு, இறங்கி ஒரு நாள் ஓய்வு, அதன் பின் ஓட்டம். எட்டு ஒன்பது நாள் விடுப்பு கேட்கும். திருவிடைமருதூரிலிருந்து சென்னை வழியாக நியூ ஜல்பாய்குரிக்கு ரயிலில் போய்த் திரும்பும் நாட்களைச் சேர்த்தால் இரண்டு வாரம். இரண்டு வாரம் இல்லாதவர் முதல் வழியைத் தேர்வது நல்லது. இரண்டுக்கும் நடுவே, நாலு நாளில் போய் ஓடி மேலே தூங்கி வருகிறேன் என்கிற திட்டம்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. அது கூடாது.

லடாக் மாரத்தானில் இந்தப் பாடத்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய அந்த நிகழ்வின் ஒரு பகுதியான கர்துங்லா சேலஞ்ச் 72 கிலோமீட்டர் ஓட்டம், 5,300 மீட்டருக்கு மேலான கணவாயைத் தாண்டுகிறது. பல நாள் முன்பே லேவுக்கு வந்து உடலைப் பழக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். லே நகரமே 3,500 மீட்டர். விமானத்தில் இறங்கிய முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மலேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அருகில் இருப்பது கினாபாலு. 4,095 மீட்டர் மலை. 1,866 மீட்டர் டிம்போஹோன் வாயிலிலிருந்து ஏறி, 3,270 மீட்டரை ஒட்டிய குடிலில் இரவு தங்கி, விடியுமுன் உச்சிக்குக் கிளம்புவார்கள். 1987 முதல் அங்கே மலையோட்டப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். சாதாரண ஏறுநர்களை முதல் நாளே 3,200 மீட்டருக்கு மேல் படுக்க வைக்கும் அந்த ஏற்பாட்டில் தலைவலியோடு விழிப்பவர்கள் ஏராளம். மருத்துவரைக் கேட்டு அசிட்டசோலமைட் மாத்திரை எடுப்பவர்கள் உண்டு. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரை உடலின் பழக்கத்தை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். நிதானமான ஏற்றத்தின் இடத்தை அது பிடிக்காது.

தமிழ்நாட்டிலேயே ஒத்திகை பார்க்க முடியாதா? உயரத்துக்கு முடியாது, நம் மாநிலத்தின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஏற்றத்துக்கு நன்றாகவே முடியும். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை போகும் பழைய தேயிலைப் பாதை, சில நூறு மீட்டரில் தொடங்கி 1,700 மீட்டர் வரை எழும்புகிறது. மூணாறுத் தேயிலையைக் கம்பிவடத்தில் கீழே இறக்கிய காலத்தின் மிச்சம் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே இன்று நினைவுக்கு வருவது வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுக்கள் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல், செங்குத்துச் சரிவு, மாலைக் காற்று. தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த ஓட்டக்காரரும் ஈடு கொடுக்க முடியாது.

அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகளை வகுத்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீ அபாயக் காலத்தில் மூடல். ஓட்டக்காரர்களில் சிலருக்கு இது எரிச்சல். வழிகாட்டியின் வேகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறதே என்று. அந்த எரிச்சலில் நியாயம் குறைவு. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம் என்பது ஒருபுறம். யானை இருக்கும் காட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வளைவில் திரும்புவது இன்னொருபுறம். முக்குர்த்தி தேசியப் பூங்காவின் புல்வெளியில் பழைய குடில்கள் உண்டு, பார்த்தால் ஸ்காட்லாந்து போலவே இருக்கும். அவை வரையாட்டுக்கும் வனக் காவலருக்கும் உரியவை. அங்கே ஓட ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

படுகைக்காரர் பயிற்சியை எங்கே வைத்துக்கொள்வது? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறதே என்பார்கள். கட்டுமலை, 60 படி, தமிழ் ஆண்டு ஒன்றுக்கு ஒரு படி. பக்தர்கள் ஏறும் கோயில் படி அது, யாருக்கும் பயிற்சிக்கூடம் ஆகாது. உடற்பயிற்சிக் கூடத்து ட்ரெட்மில்லை அதிகபட்சச் சாய்வில் வைத்து, ஓடாமல் விறுவிறுவென ஒரு மணி நேரம் நடப்பது எளிதாகக் கிடைக்கும் ஏற்றம். மலையோட்டத்தில் தேர்ந்தவர்களே செங்குத்தில் ஓடுவதில்லை. தொடையில் கை ஊன்றி நடக்கிறார்கள். மாதம் ஒருமுறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ ஏற்காட்டுச் சாலையையோ தேடிப் போவது நல்லது. அங்கே முக்கியமான பாடம் இறங்குவது. இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்குகிறது, நார்கள் கிழிகின்றன, இரண்டாம் நாள் கழிப்பறையில் உட்கார முடியாது. ஆனால் ஒரே ஒரு கடுமையான இறக்கப் பயிற்சி, அதற்குப் பிந்தைய சில வாரங்களுக்குத் தசையைக் காப்பாற்றுகிறது. மலைப்பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அப்படி ஒரு முறை இறங்கிவிட்டால் போதும்.

சமவெளியிலும் கிடைக்கும் ஒரு சொத்து உண்டு. நடவு முடிந்த வயலின் வரப்பு ஒரு பாதம் அகலம், வழுக்கும், பார்வையை இரண்டடி முன்னால் வைத்தே ஓட வேண்டும். கல்லும் வேரும் கிடக்கும் காட்டுப் பாதைக்குக் கணுக்காலை இதைவிடச் சிக்கனமாகப் பழக்க முடியாது. கொள்ளிடத்து மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு. தார்ச்சாலையை மட்டுமே நம்பியவர்களுக்கு இந்த இரண்டும் கிடையாது. வரப்பு அடுத்தவர் உழைப்பு என்பதையும், ஓரம் சரிந்தால் தண்ணீர் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது பருவம். சிங்கலிலா தேசியப் பூங்கா ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காக மூடியிருக்கும். போக ஏற்ற காலம் இரண்டு. ஒன்று, தென்மேற்குப் பருவமழை விலகி வானம் வெளுக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர். இன்னொன்று ரோடோடெண்ட்ரான் பூக்கும் ஏப்ரல். ஏப்ரலில் பூ நிறைய, பனிமூட்டமும் நிறைய. மலை தெரியுமா என்பது அதிர்ஷ்டம். ஐப்பசியில் தஞ்சைப் பகுதியில் அடைமழை கொட்டும்போது அங்கே வானம் கண்ணாடியாக இருக்கும். அதனால் கடும் பயிற்சி ஆடி, ஆவணி, புரட்டாசியில் முடிந்துவிட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வீதியெல்லாம் தண்ணீர் நிற்கும்.

வெளுத்த வானத்தையும் முழுக்க நம்ப முடியாது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல், வடக்கே நகர்ந்து நேபாளத்தில் பனிமழையாகக் கொட்டியது. இரண்டே நாளில், அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தோரோங் லா கணவாய்ப் பகுதியில் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாய்க்கு அருகே ஒரு சிறு தேநீர்க் குடில். புயலுக்குப் பலர் அதில்தான் ஒண்டினார்கள். கஜாவை 2018 நவம்பரில் நேரில் பார்த்த படுகை மக்களுக்கு வங்கக்கடல் புயல் என்றால் தென்னை முறிவதும் கூரை பறப்பதும்தான் நினைவில் வரும். அதே கடலில் பிறக்கும் புயல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இமயத்தில் இடுப்பளவு பனியாக விழும். சந்தக்பூவுக்குக் கிளம்பும் வாரம் டார்ஜிலிங் வானிலையோடு வங்கக்கடல் தாழ்வுநிலையையும் பார்க்க வேண்டும். இதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; எப்படியும் தினமும் பார்க்கிறார்கள்.

குளிரைப் பற்றிய தனிப் பாடம் சீனாவிலிருந்து வருகிறது. 2021 மே 22 அன்று கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றுக் கல்வனப் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். மதியம் திடீரென வெப்பம் சரிந்து, ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் சேர்ந்தன. 21 பேர் குளிர் தாக்கி இறந்தார்கள். அவர்களில் லியாங் ஜிங், சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர். காற்றுத் தடுக்கும் மேலாடை கட்டாயப் பட்டியலில் இல்லை. பலர் அதை வெகுதூரம் தள்ளியிருந்த நிலையத்துக்கு அனுப்பிய பையில் வைத்திருந்தார்கள். வண்டி போக முடியாத ஏற்றத்தில் அரைக்கால் சட்டையோடு நின்றார்கள். ஆடு மேய்க்கும் சு கெமிங் என்பவர், மலைச்சரிவில் துணியும் தீனியும் போட்டு வைத்திருந்த குகை வீட்டுக்குள் ஆறு பேரைக் கொண்டுபோய் நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். இறந்தவர்களில் மெதுவாக ஓடியவர்களைவிட முன்னணியில் ஓடியவர்கள் அதிகம் என்பது கவனிக்க வேண்டியது. மேலே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்தான்.

ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். கும்பகோணத்தில் 28 இருக்கும்போது சந்தக்பூவில் கணக்குப்படி நாலரை. காற்று அடித்தால் உடம்புக்கு அது சுழியம். வியர்வையில் நனைந்து மேலே போய் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் மோசம். தலைமூடி வைத்த மழைச்சட்டை, உலர்ந்த உள்சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டி, கையுறை, குல்லா, தலைவிளக்கு, விசில், வெள்ளித்தாள் போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர். ஆல்ப்ஸில் மான் பிளாங்கைச் சுற்றும் யுடிஎம்பி ஓட்டத்தில் ஏறக்குறைய இதே பட்டியல் கட்டாயம். சோதனையில் ஒன்று குறைந்தாலும் தண்டனை. இவை முதுகில் இருக்க வேண்டும், பின்னால் வரும் ஜீப்பில் வேண்டாம்.

குடில் என்றதும் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். சுவிஸ் ஆல்பைன் கிளப் 1863-இல் தோன்றிய அதே ஆண்டே தன் முதல் குடிலைக் கட்டிவிட்டது. அங்கே முன்பதிவு, குறித்த நேரத்தில் இரவுச் சாப்பாடு, பத்து மணிக்கு விளக்கணைப்பு என்று ஒழுங்கு உண்டு. மான் பிளாங்கின் வழக்கமான பாதையில் இரவு தங்கி ஏறுவதானால், 2019 முதல் குடிலில் படுக்கை பதிவு செய்திருக்க வேண்டும். சந்தக்பூவில் அரசுக் குடிலும் தனியார் விடுதியும் கலந்திருக்கின்றன, சீசனில் நிரம்பிவிடும், இடம் இல்லை என்றால் 3,600 மீட்டரில் வெளியே நிற்பதுதான். படுக்கை உறுதியான பிறகே ரயில் டிக்கெட் எடுப்பது நல்லது. தண்ணீர் அங்கே தட்டுப்பாடு. இன்னொரு சங்கதி சோற்றுக்காரர்களுக்கு: அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாத அடுப்பில் அரிசி வேகாமல் நறநறக்கும். பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூடுல்ஸும் மோமோவும் அங்கே செல்லுபடியாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வழியில் தின்ன மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் எல்லாம் அதற்குப் போதும். உயரத்தில் எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் தங்காது.

திரும்பும் வழியையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்வது மிச்சம். திருவிடைமருதூர்க்காரர்களுக்குப் போன வழியில் திரும்பாமல் இருப்பது புதிதல்ல. வரகுண பாண்டியனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் காத்திருக்க, அவன் மேற்கு வாசலால் போய்விட்டான் என்பது தலபுராணம். இன்றும் வந்த வாசலால் வெளியேறாதவர்கள் உண்டு. சந்தக்பூவிலும் வேறு வாசல் இருக்கிறது: குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கும் காட்டுப்பாதை. மூங்கிலும் சிவப்புப் பாண்டாவும் உள்ள அழகான காடு, முட்டியைப் பதம் பார்க்கும் செங்குத்து. சமவெளிக்காரர் முதல் தடவை சாலையிலேயே திரும்புவது உத்தமம். சாலையில் பழைய லேண்ட்ரோவர் ஜீப்புகளும் பொலேரோக்களும் ஓடுகின்றன. மூச்சு முட்டினால் சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் கீழே போய்விடலாம். மலைநோய்க்கு அதுதான் வைத்தியம்.

நேரத்தில் ஒரு கண்ணி உண்டு. கடிகாரம் ஒன்றானாலும் சந்தக்பூ நமக்குப் பல மைல் கிழக்கே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நம் ஊரில் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்கு மானேபஞ்சாங்கில் கிளம்பினால், பகல் ஒரு மணிக்குள் காளிபொக்ரியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அங்கேயே விடுதி பார்த்து நின்றுவிட வேண்டும். அதற்கப்புறம்தான் பிகேபஞ்சாங்குக்கு மேலே கடைசி நான்கு கிலோமீட்டர், மொத்த வழியிலும் கொடிய ஏற்றம். நிற்கும் நேரத்தை வீட்டிலிருந்தே எழுதி எடுத்துப் போகாதவர், மேலே வந்த பிறகு அதைத் தள்ளிப் போடாமல் இருக்கமாட்டார்.

கைரிபாஸில் எல்லைக் காவல் படை அடையாள அட்டை கேட்கும். பூங்காவுக்கு நுழைவுச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும்; மானேபஞ்சாங்கில் வழிகாட்டிகள் சங்கம் அதற்கு உதவும். ஓட்டக்காரரோடு ஓடும் வழிகாட்டி எல்லா நேரமும் கிடைக்கமாட்டார். வண்டியில் முன்னால் போய்க் காத்திருக்கும் ஏற்பாட்டை முன்பே பேசி வைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போக நினைப்பவர், முதலில் ட்ரெக் தமிழ்நாட்டின் கடினப் பாதை ஒன்றை நடந்து பார்க்கட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டட்டும். வெள்ளியங்கிரியில் ஆண்டுதோறும் ஏறும் கூட்டத்தில் நெஞ்சு வலித்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி தவறாமல் வருகிறது, அந்த மலை சந்தக்பூவில் பாதி உயரம்தான். எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் தேதி வாரியாக எழுதி, 3,000 மீட்டருக்கு மேல் முதல் முறை போகும் இரவுகளில், முந்தைய இரவைவிட 500-க்கு மேல் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக் கூட்டுங்கள், முடியாவிட்டால் அன்றே இறங்கிவிடுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை வீட்டில் ஒருவரிடமும், இன்னொன்றை மானேபஞ்சாங்கில் வழிகாட்டியிடமும் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.